மாடி அறையை மீட்க வந்தவர்கள்

அக்கா சிரிப்பதற்கு ஒரு நொடி முன்பே வேறு யாரோ சிரித்துவிட்டார்கள்.

தங்கை வாசிப்பதை நிறுத்தவில்லை. விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு, குரலை மட்டும் கொஞ்சம் தணித்தாள். சுண்டு என்கிற பொடிப் பையன், தன் தொப்பி என்று நினைத்து இருட்டில் கழுதையின் காதைப் பிடித்து இழுக்கிற இடம் அது. அந்த இடம் வந்தால் அக்கா சிரிப்பாள். எத்தனை தடவை வாசித்தாலும் புதிதாகக் கேட்பவள் போலச் சிரிப்பாள். இப்போதும் தலையணையில் சாய்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முதலில் கேட்டது அவள் சிரிப்பு இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு விரலிடுக்கு வழியே கசியவிட்ட சிரிப்பு. குழந்தையின் சிரிப்பு. ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது.

அது மாடி ஜன்னல். வெளியே நிற்க ஒரு சன்ஷேடுகூடக் கிடையாது.

தங்கை எழுந்து போய்ப் பார்த்தாள். கீழே கொல்லைப்புறத்துப் புல், மதில், மதிலுக்கு அப்பால் கால்வாய்த் தண்ணீர், அதன் மேல் அணையப்போகிற மாலை வெளிச்சம். யாரும் இல்லை. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் நாற்றம் மட்டும் லேசாக வந்தது. அந்தத் தெருவில் மண்ணெண்ணெய் எரிக்கிற வீடு எதுவும் இப்போது இல்லை.

"வாசி," என்றாள் அக்கா, படுக்கையிலிருந்து. "நிறுத்தாதே. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். அவள் விசில் ஊதினால் மைதானமே திரும்பிப் பார்க்கும். ஓய்வு பெற்ற பிறகு முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்பதை மறந்தாள், அப்புறம் தெருவை, அப்புறம் கூடப் பிறந்தவளை. வீட்டை விட்டு நடந்து போய்விடுவாள். கடைசியாகப் போனபோது கால்வாய்ப் படியில், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தவளை எதிர்வீட்டு மெக்கானிக்தான் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். அன்றைக்கே அவரிடம் மாடி அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள் தங்கை. அவர் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கீழே தையல் மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் இல்லாமலேயே மிதித்துக்கொண்டிருந்தாள்.

பூட்டிய அறையில் அக்கா சாப்பிட மறுத்தாள், கத்தினாள், சுவரை அடித்தாள். வாரம் ஒருமுறை வந்து பார்க்கிற நர்ஸ்தான் யோசனை சொன்னாள். "சின்ன வயசுல அவங்களுக்கு என்ன பிடிக்கும்? அதைக் கொடுத்துப் பாரும்மா. அந்த ஞாபகம் மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும்."

தங்கை பரணில் ஏறிப் பழைய தகரப் பெட்டியை இறக்கினாள். உள்ளே விளக்குப் படை இருந்தது.

அக்கா தங்கை இரண்டு பேரும் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்த கதைப் புத்தக வரிசை அது. மூன்று குழந்தைகள், கையில் ஓர் அரிக்கேன் விளக்கு. தலைமை தாங்குகிற கொம்பன். எந்தச் சந்திலும் நுழைந்து வெளியேறிவிடுகிற ஒல்லிப் பெண் ஊசி. எப்போதும் பசிக்கிற சுண்டு. ஊசியின் கையில் கோலிக்குண்டு போட்ட ஒரு டப்பா இருக்கும்; அதை அவள் குலுக்கினால் ஆபத்து என்று அர்த்தம், அல்லது வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு புத்தகத்திலும் யாரையோ யாரோ அடைத்து வைத்திருப்பார்கள். மூவரும் கண்டுபிடிப்பார்கள், மீட்பார்கள். கடைசிப் பக்கத்தில் போலீஸ் கெட்டவனைக் கூட்டிக்கொண்டு போகும், குழந்தைகள் மதில் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவார்கள்.

புத்தகத்தைத் திறந்து முதல் வரியை வாசித்ததுமே அக்கா கத்துவதை நிறுத்தினாள். இரண்டாம் பக்கத்தில் வாயைத் திறந்து ஒரு கரண்டி சூப் வாங்கிக்கொண்டாள். தங்கைக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் சின்ன வயதில் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அந்தக் கெட்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் தனியாக வாழ்கிறவர்கள். சிடுசிடுப்பானவர்கள். பகலிலும் திரைச்சீலையை இழுத்து விட்டிருப்பார்கள். தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள், கதவை வெளியிலிருந்து தாழிடுவார்கள். ஒரு கதையில் கலங்கரை விளக்கத்துக் காவலாளி தன் தம்பியை அறையில் அடைத்து வைத்திருப்பான். பிடிபட்டதும், "அவனுக்குப் புத்தி சரியில்லை, கடலில் விழுந்துவிடுவான்" என்று கதறுவான். குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சின்ன வயதில் அவளும் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை; மீதிப் பக்கங்களைப் புரட்டித் தேடினாள். மீட்கப்பட்ட தம்பி அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

சிரிப்புச் சத்தம் கேட்டதற்கு மறுநாள் மெக்கானிக் கிழிந்த சீட் உறையைத் தைக்கக் கொண்டுவந்தார்.

"என்ன டெய்லரம்மா, வீட்டுக்கு விருந்தாளிப் பிள்ளைங்களா?"

"இல்லையே அண்ணா. ஏன்?"

"மூணு பேரு. ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. உங்க வீட்டையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. மாடியில யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. சாப்பாடு எப்போ மேலே போகும்னு கேட்டாங்க." அவர் தலையைச் சொறிந்தார். "பேச்சுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. ஏதோ பாடப் புஸ்தகத்தை வாசிக்கிற மாதிரி. 'ஐயா, தங்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமா'ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? உள்ளதைத்தான் சொன்னேன். அக்காவை வச்சிருக்காங்க, வெளிய விட முடியாது, தாழ்ப்பாள் நான்தான் போட்டேன்னு."

அவர் போன பிறகு அவள் சீட் உறையை மெஷினுக்கு அடியில் வைத்தாள். பெடலில் கால் வைத்தவள் அசையவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் தெருவின் எதிர்ச்சாரியில், நின்றிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால், ஒரு பையனின் கால்கள் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அரைக்கால் சட்டை தெரிந்தது. வாழ்நாள் முழுதும் துணி வெட்டியவள் அவள். அந்தச் சட்டையின் அகலமான மடிப்பும், இடுப்பிலிருந்து விறைப்பாக விழுகிற வெட்டும் அவளுக்குத் தெரியும். அப்படி யாரும் இப்போது வெட்டுவதில்லை. அந்தத் துணியே இப்போது நெய்வதில்லை. புத்தகத்தின் அட்டையில் அதே மடிப்பைப் பார்த்திருக்கிறாள்.

வண்டி கிளம்பிப் போனது. பின்னால் யாரும் இல்லை.

அன்று மாலை வாசிக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு மாடிப்படி ஏறும்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. அவள் பாதிப் படியில் நின்றாள். அக்காவின் குரல்தான், ஆனால் இத்தனை வருடமாகக் காணாமல் போயிருந்த குரல். தெளிவான, மைதானத்துக்குக் கட்டளையிடுகிற குரல்.

"ஆமா. கீழே கடகடன்னு சத்தம் கேக்குதில்ல? அவதான். எந்நேரமும் கத்தரிக்கோல் வச்சிருப்பா."

இடைவெளி. யாரோ ஏதோ கேட்கிறார்கள்.

"தெரியாது. யாருன்னே தெரியாது. என் தங்கச்சி மாதிரியே நடிக்கிறா. ஆனா என் தங்கச்சி குட்டிப் பொண்ணு."

கரண்டி வழுக்கித் தட்டில் மோதியது. மேலே பேச்சு சட்டென்று நின்றது. பிறகு, கலகலவென்று, தகர டப்பாவில் கோலிக்குண்டுகள் உருளுகிற சத்தம். ஒரே ஒரு தடவை.

அவள் தாழை இழுத்துக் கதவைத் தள்ளினாள். அக்கா ஜன்னல் ஓரம் நின்று, கம்பிகளுக்கிடையே கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள், யாருக்கோ கை கொடுப்பது போல. தங்கை ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அது வரவில்லை. வெளியிலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் இழுத்தாள். அக்கா வலியில் அலறினாள். தெருக்கோடி வரை கேட்கிற அலறல். பிறகு பிடி விட்டுப்போய் இருவரும் தரையில் விழுந்தார்கள்.

எட்டிப் பார்த்தபோது கீழே ஒன்றுமில்லை. புல் மட்டும் வட்டமாக அமுங்கியிருந்தது, யாரோ வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மாதிரி. பக்கத்தில் ரொட்டித் துணுக்குகள்.

நர்ஸ் வந்தபோது அக்காவின் மணிக்கட்டு கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"இது எப்படிம்மா?"

"கம்பிக்குள்ள கைய விட்டுட்டாங்க சிஸ்டர். இழுத்தேன்."

 நர்ஸ் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் விரல் தடங்கள் இருந்தன. சில பெரியவை. சில மிகச் சின்னவை. சின்னவற்றை நர்ஸ் கவனித்ததாகத் தெரியவில்லை. "தினமும் கத்துறாங்களாமே, எதிர்வீட்டில சொன்னாங்க," என்றாள். குரலில் பழைய நெருக்கம் இல்லை. "உன்னால முடியலன்னா சொல்லும்மா. வேற இடம் பார்க்கலாம். ஆனா இப்படி வேண்டாம்."

"எப்படி வேண்டாம்?"

நர்ஸ் பையை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தங்கை புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினாள். வாசிப்பு நின்றதும் அக்காவின் சாப்பாடும் நின்றது. உதட்டை இறுக மூடிக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி கிடந்தாள். கீழே, மதிலுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு மாலையும் ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து நின்றது. ஆடாமல், அசையாமல். காத்திருக்கிற வெளிச்சம். அவர்களுக்குப் பொறுமை உண்டு. எந்தக் கதையிலும் அவர்கள் அவசரப்பட்டதில்லை. எந்தக் கதையிலும் அவர்கள் கணிப்புத் தப்பியதுமில்லை. அவர்கள் ஒருவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டினால், அவர் கெட்டவர்தான்.

தூறல் விழுந்த ஒரு சாயங்காலம் அவள் துணிந்து ஒரு காரியம் செய்தாள். புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, ஜன்னலை அகலத் திறந்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அச்சில் இல்லாததை வாசிக்க ஆரம்பித்தாள்.

"விளக்குப் படை அந்த வீட்டை அடைந்தது," என்றாள் உரக்க. தூறலையும் தாண்டிக் கேட்க வேண்டும். "அங்கே ஒரு தையல்காரி தன் அக்காவோடு வாழ்ந்துவந்தாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை. வெளியே போனால் தண்ணீரில் விழுந்துவிடுவாள். அதனால்தான் கதவு தாழிடப்பட்டது. வேறு காரணம் இல்லை. தையல்காரி அவளைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள். அக்கா அவளை அடித்தாலும் திருப்பி அடிக்கவில்லை."  "சில நாள் கையை அழுத்திப் பிடித்தாள். சில நாள், இவள் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாள். அது உண்மை. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. கொம்பன் இதைப் புரிந்துகொண்டான். 'நாம் தவறு செய்துவிட்டோம், திரும்பிப் போகலாம்' என்றான். மூவரும் திரும்பிப் போனார்கள்."

புத்தகத்தை மூடினாள்.

தூறல். ஓட்டில் நீர் சொட்டுகிற சத்தம். மதிலுக்கு அப்பால் மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஆடியது, உயர்ந்தது, நகர்ந்தது. போகிறது. அவள் மூச்சை விட்டாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே, கையெட்டும் தூரத்தில், ஒரு சிறுவன் நிதானமாகச் சொன்னான்:

"எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்."

அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள். கொக்கி விழவில்லை.  அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனே போய்விட வேண்டும். எதிர்வீட்டுக்கு. நர்ஸ் வீட்டுக்கு. எங்கேயாவது. செருப்பை எடுக்கக் கீழே ஓடினாள், மாடத்தில் கிடந்த சாவியைப் பொறுக்கினாள், திரும்ப மேலே ஓடி வந்தாள். அவள் இறங்கியது அரை நிமிடம்கூட இருக்காது.

அறையில் மண்ணெண்ணெய் நெடி.

ஊசி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். உள்ளங்கை மட்டுமே நுழைகிற இடைவெளி அது. தபால் பெட்டியில் கடிதம் நுழைகிற மாதிரி அவள் நுழைந்தாள். தலை, தோள், இடுப்பு. எதுவும் தடுக்கவில்லை. சுண்டு ஏற்கெனவே கட்டில் மேல் உட்கார்ந்து, அக்கா தொடாமல் வைத்திருந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். கொம்பன் விளக்கைத் தூக்கிப் பிடித்து நின்றான். அழகான குழந்தைகள். சிவந்த கன்னங்கள். கண்கள் மட்டும் இரண்டு புள்ளிகள். மையால் வைத்த புள்ளிகள். அவை இமைக்கவில்லை.

"இனி உங்கள் ஆட்டம் பலிக்காது, அம்மணி," என்றான் கொம்பன்.

அவன் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. உற்சாகமாகச் சொன்னான்.

"அவ என் அக்கா," என்றாள் தங்கை. "கண்ணு, கேளு. அவ என் அக்கா. தண்ணில விழுந்துடுவா."

சுண்டு சிரித்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு. ஊசி அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா எழுந்தாள். கைத்தாங்கல் இல்லாமல் கட்டிலை விட்டு நகராதவள், எழுந்து, நேராக நின்று, அவர்களோடு நடந்தாள். தங்கை குறுக்கே பாய்ந்தாள். கொம்பன் ஒற்றைக் கையால் அவள் மார்பில் தள்ளினான். சின்னக் கை. ஈரக் காகிதம் மாதிரி சில்லென்று. அவள் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வரவில்லை.

கதவு மூடிக்கொண்டது. வெளியே அக்காவின் குரல், தன் முறைக்காகக் கெஞ்சுகிற சிறுமியின் குரலில்:

"நான் போடுறேன்! நான்தான் போடுவேன்!"

தாழ்ப்பாள் விழுந்தது.

படியில் காலடிகள். பின்கதவு. புல்.

அவள் முதலில் தெருப்பக்கச் சின்ன ஜன்னலுக்குத் தவழ்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ஓர் உருவம் ஜன்னலுக்கு வந்தது. ஒரு கணம் நின்று கேட்டது. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, வானொலியின் சத்தத்தைக் கூட்டியது. தினம் கேட்கிற அலறல்தானே. அவள் கொல்லைப்புற ஜன்னலுக்கு ஓடினாள்.

"அக்கா!"

மதில் கதவருகே அக்கா திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"அது யாரு?" என்று கேட்டாள்.

"பயப்படாதீர்கள்," என்றான் கொம்பன். "அவளால் இனி உங்களை ஒன்றும் செய்ய முடியாது."

வெளிச்சம் கால்வாய்ப் படிகளில் இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. தண்ணீர் பெரிதாகச் சத்தம் போடவில்லை. சளப் என்றது. அவ்வளவுதான். வெளிச்சம் தண்ணீருக்கு அடியிலும் கொஞ்ச தூரம் மஞ்சளாகத் தெரிந்துகொண்டே போனது.

மறுநாள் காலை நர்ஸ் வந்துதான் தாழைத் திறந்தாள். அதற்குள் கால்வாய் ஓரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் கேள்வி கேட்டார். தங்கைக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. மூன்று குழந்தைகள் என்றாள். அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

"கையில காயம் இருந்துச்சு சார்," என்றாள் மெல்ல. "நானே பார்த்தேன்."

"சத்தம் கேட்டுச்சு," என்றார் மெக்கானிக். "ஆனா அந்த வீட்டுல எப்பவும் கேக்குறதுதான் சார். தாழ்ப்பாள் நான் போட்டது. போட்டிருக்கக் கூடாது." அவர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவளுக்குப் பயந்து, இவளையே உள்ளே பூட்டிட்டுத் தப்பிச்சு ஓடியிருக்காங்க," என்றார் போலீஸ்காரர்.

அடையாளம் காட்டக் கூட்டிப் போனார்கள். இருபுறமும் ஆட்கள் விலகி வழி விட்டார்கள். அவள் சேலை தங்கள் மேல் பட்டுவிடக் கூடாது என்பது போல விலகினார்கள். அவளிடம் துணி தைத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரோ ஒரு பெண், "பாவி," என்றாள். படியில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன, வெளுத்து, ஊறி. வயதான பாதங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் நகம் வெட்டிவிடுகிற பாதங்கள்.

"உங்க அக்காதானா?"

தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

எதிர்க்கரையில், மதகின் மதில் மேல், குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அவர்கள் கன்னங்களில் பட்டு மின்னியது. கொம்பன் ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து ஊசி. அடுத்து சுண்டு, கன்னம் உப்ப மென்றுகொண்டு.

அடுத்து ஒரு சிறுமி.

பத்து வயது இருக்கும். பெரியவர்கள் அணிகிற வெளிர்நீல இரவுக் கவுன் அவளுக்குத் தொளதொளவென்று, கால்களையும் தாண்டி மதிலில் வழிந்து, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உடம்பை உறுத்தாமலிருக்க ஓரமெல்லாம் கைத்தையலாகவே போட்டு, அக்காவுக்காகத் தங்கை தைத்த கவுன். ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு அந்தச் சிறுமி அவளைப் பார்த்தாள். இரண்டு கரும்புள்ளிகள். போலீஸ்காரரின் கை தங்கையின் முழங்கையில் இறுகியிருப்பதைப் பார்த்தாள்.

முகம் மலர்ந்தது. நல்லபடியாக முடிந்தது என்கிற மலர்ச்சி.

பிறகு கொம்பன் நீட்டிய ரொட்டியை வாங்கி, பெரிதாக ஒரு கடி கடித்தாள்.